விடியுமுன் விழிக்கும் விருந்தாளிகள்: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு வாரம்

டிசம்பர் 26, வெள்ளி – ராமநாதபுரம்

டொரண்டோவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருக்கிறது. சித்தப்பா, சித்தி, அவர்கள் மகன், மருமகள், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். வீட்டு ஆட்கள் மூன்று பேரையும் சேர்த்தால் ஒன்பது உருப்படி.

குளிர்காலத்தில் டொரண்டோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்கு இரவு 2 மணி என்றால் அவர்கள் உடம்புக்கு மதியம் மூன்றரை. நமக்குக் காலை 11 மணி என்றால் அங்கே நடுநிசி தாண்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை முதல் நாளிலிருந்தே பகலில் தூங்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. இந்தக் கடற்கரையில் அது தேவையே இல்லை. மீன் ஏலம், தீர்த்தமாடுவது, தனுஷ்கோடியின் அரிச்சல்முனை என்று இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் விடிகாலையிலிருந்து பத்து மணிக்குள் முடிகிற சமாசாரம். அந்த நேரத்தில் விருந்தாளிகள் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்கள். பத்து மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, மூன்று மணி வரை தூங்கட்டும். நாலைந்து நாளில் உடம்பு தானாக நம்ம ஊர் நேரத்துக்கு வந்துவிடும். இந்த வாரம் முழுக்க அப்படித்தான் போட்டிருக்கிறோம்.

இரவு இரண்டு மணிப் பசிக்கு முன்னேற்பாடு வேண்டும். ஹாட்பேக்கில் இட்லி, பக்கத்தில் பொடி, நல்லெண்ணெய், வாழைப்பழம், ஃபிளாஸ்க்கில் பால். தேங்காய்ச் சட்னி வைக்காதீர்கள், நடுநிசிக்குள் ஊசிப்போகும். இடியாப்பமும் அந்த நேரத்துக்கு விறைத்துவிடும்.

அடுத்தது தண்ணீர். இந்த ஊரில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைக்கலாம், ஆனால் புதிதாக வந்த வயிற்றுக்கு அதையும் காய்ச்சி ஆற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒன்பது பேருக்குக் குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர், சமையலுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் கேன் இரண்டு சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கேன் வண்டி வராது என்பதால் சனிக்கிழமையே நாலு கேன் இறக்கச் சொல்லிவிட்டோம். பிள்ளைகள் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பதும் கேன் தண்ணீரில்தான். குளியலறையில் ஒரு செம்பு கேன் தண்ணீர் தனியாக இருந்தால் மறக்காது. உப்புத் தண்ணீரில் ஷாம்பு நுரைக்காது, தலை பிசுபிசுக்கும். கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீரில் தலையை அலசினால் போதும்.

டிசம்பர் 27, சனி – திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை

நடுராத்திரியே பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிட்டதால் வெளிச்சம் வருவதற்குள் கிளம்பியாயிற்று. செவ்வாய்க்கிழமை வைகுண்ட ஏகாதசி. அன்று திருப்புல்லாணியில் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் முதலிலேயே போய் வந்தோம். ஆதிஜெகந்நாதப் பெருமாளையும் தர்ப்பை மேல் பள்ளிகொண்ட ராமரையும் நெரிசல் இல்லாமல் நின்று பார்க்க முடிந்தது. அங்கிருந்து சேதுக்கரை பக்கம்தான். தெற்குப் பார்த்த கடல், மார்கழியில் அலை தணிந்திருக்கும். பிள்ளைகள் முழங்கால் அளவில் நிற்க இந்தப் பருவத்தில் இது நல்ல கரை. வாடைக் காற்றில் கொஞ்சம் குளிர் இருந்தது. நமக்குத்தான் அது குளிர், டொரண்டோக்காரர்கள் அரைக்கை சட்டையில் நின்றார்கள்.

கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கும் பள்ளிவாசலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கல் தூண்களும் அவற்றின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளும் நம் கோயில் மண்டபங்களின் வேலைப்பாட்டிலேயே இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்துப் போய், வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழைவதுதான் மரியாதை. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்த ஆள் இங்கேதான் என்றதும் சித்தப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டார்.

தொதல் கடையில் அம்மா ஒருவர், "வாங்கணும்னு இல்ல, பிள்ளைகளுக்கு ருசி காட்டுங்க" என்று ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம். கையால் அழுத்திப் பார்த்தால் நல்ல தொதல் மீண்டு எழும், விரலில் எண்ணெய் மினுங்கும், ஒட்டாது. ஒட்டினால் கிண்டல் போதவில்லை, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ஊருக்குக் கொண்டுபோகிற தொதலை இன்று வாங்காதீர்கள். கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் கிண்டியதாகச் சொல்லிவைத்து வாங்க வேண்டும்.

பதினொரு மணிக்கு வீட்டில் எல்லோரும் தூக்கம்.

டிசம்பர் 28, ஞாயிறு – ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகம்

மீன் வாங்குவதற்குக் கிழமை முக்கியம். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரை சேரும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலையில்தான் துறைமுகத்தில் மீன் குவியும். மற்ற நாளில் நாட்டுப்படகு மீன் கிடைக்கும். அளவு குறைவு, ஆனால் அன்றைக்கே பிடித்தது என்பதால் ருசி ஒரு படி மேல். காற்று எச்சரிக்கை வந்து மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காவிட்டாலோ, வேலைநிறுத்தம் என்றாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. முந்தின இரவே தெரிந்தவரிடம் "படகு போயிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது விசைப்படகு மீனே கிடையாது.

ஏலம் கூடைக் கணக்கில் வியாபாரிகளுக்கு. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஏலத்தில் குறுக்கே நிற்காமல், வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்க வேண்டும். விளமீன் கிலோ 450, நண்டு 400, கணவாய் 350 என்று சொன்னார்கள். மூன்றும் சேர்த்து வாங்கியதில் கொஞ்சம் குறைத்தார்கள். விளமீன் ஒன்றரைக் கிலோ, நண்டு இரண்டு கிலோ, கணவாய் ஒரு கிலோ. ஒன்பது பேருக்கு மதியமும் இரவும் வந்தது. ஐந்து வயதுக் குழந்தை நண்டைத் தொடப் பயந்து நிற்பதைப் பார்த்த ஓர் ஆத்தா, அதன் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, முதுகுப் பக்கமாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குள் வரிசையில் மூன்று பேர் காத்திருந்தார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை.

விருந்தாளிக்கு எந்த மீன் என்பதில் கவனம் வேண்டும். சூடையும் காரலும் நமக்கு அமிர்தம், முள் எடுக்கப் பழகாத பிள்ளைகளுக்கு ஆபத்து. விளமீன், பாறை, சீலா இவற்றில் முள் பெரியது, கண்ணுக்குத் தெரியும். முரல் வாங்கினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன் முள் பச்சை நிறத்தில் இருக்கும், மீன் கெட்டுவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். இயற்கையிலேயே அந்த நிறம்தான்.

நண்டை வாங்கும்போது கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரே அளவில் இரண்டு நண்டை இரு கையில் வைத்தால் கனமானதில்தான் சதை. வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் அது சமீபத்தில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும், வேகவைத்தால் ஒன்றும் தேறாது.

ராமநாதபுரம் வர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், அதன் மேல் ஐஸ். மீன் எடைக்குச் சமமாக ஐஸ் இருக்க வேண்டும். நண்டை மட்டும் ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறவிடாமல் தனிப் பையில் மேலே வைக்கவும்.

வீட்டில் செய்தது: நண்டை முதலில் இருபது நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் அசைவு அடங்கிவிடும். பிறகு அடிவயிற்று மடிப்பை விலக்கி, மேலோட்டை ஒரே இழுப்பில் எடுத்து, இரு பக்கமும் விரல்விரலாக நிற்கும் சாம்பல் நிறச் செவுளைப் பிய்த்துப் போட வேண்டும். ஓடுகிற தண்ணீரில் ஒரு அலசு போதும், ரொம்பக் கழுவினால் ருசியும் போய்விடும். நடுவில் ஒடித்து, கொடுக்கை அம்மிக் குழவியால் ஒரு தட்டு தட்டினால் மசாலா உள்ளே இறங்கும். பிள்ளைகளுக்குப் பாதி நண்டை மஞ்சளும் உப்பும் போட்டு ஆவியில் பன்னிரண்டு நிமிடம், அவ்வளவுதான்.

குழம்புக்கு நம்ம ஊர் குண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் இது. ஒன்றரைக் கிலோ மீனுக்கு வழக்கமாகப் பன்னிரண்டு போடுகிற இடத்தில் ஐந்து போட்டு, விதையை உதிர்த்துவிட்டு, மல்லியைக் கூட்டினோம். நிறம் குறையவில்லை, காரம் பிள்ளைகள் தாங்கும் அளவில் நின்றது. தேங்காய்ப்பாலை அடுப்பை அணைக்கும் சமயத்தில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். கணவாய் சூடான சட்டியில் மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் ரப்பர், பிறகு முக்கால் மணி நேரம் மூடி வேகவைத்தால்தான் மறுபடி மெத்தென்று ஆகும்.

டிசம்பர் 29, திங்கள் – பாம்பன், ராமேஸ்வரம் கோயில்

இருட்டோடு கிளம்பி, பாம்பன் பாலத்துக்கு வெளுக்கும் நேரத்தில் வந்தோம். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. நிறையப் பேர் நிறுத்துகிறார்கள், பின்னால் பேருந்துகள் திணறுகின்றன. பாலம் இறங்கிப் பாம்பன் ஊருக்குள் கரையோரம் போனால் மூன்று பாலத்தையும் நிதானமாகப் பார்க்கலாம்: 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988இல் திறந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம். பழையது நடுவில் இரண்டாகப் பிளந்து கை தூக்குகிற மாதிரி திறந்துகொண்டிருந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். கப்பலோ பெரிய படகோ கடக்கும்போது மட்டும்தான் தூக்குவார்கள். இதைச் சொல்லாமல் பிள்ளைகளை அழைத்துப்போனால் ஏமாந்து போவார்கள்.

கோயிலில் 22 தீர்த்தம். அக்னி தீர்த்தக் கடலில் முதலில் முங்கிவிட்டு, உள்ளே போய் 25 ரூபாய்ச் சீட்டு வாங்கினால் எல்லாத் தீர்த்தமும் அதிலேயே அடக்கம். வாசலில் சிலர் குடும்பத்துக்கு இரண்டாயிரம் என்று ஆரம்பிப்பார்கள், தனியாக வாளி நிறைய இறைத்து ஊற்றுவதாகச் சொல்வார்கள். கூட்டம் இல்லாத நாளில் அது வீண். ஐயப்ப சாமிகள் வந்து குவிகிற இந்த மாதத்தில், வயதானவர் கூட இருந்தால், பேசி ஒரு நியாயமான தொகைக்கு ஒத்துக்கொள்வதில் தப்பில்லை. எங்களிடம் ஒருவர் எழுநூறு ரூபாய்க்கு வந்தார், சித்தியைக் கடைசி வரை கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

எப்படிப் போக வேண்டும் என்றால்: வீட்டில் ஒருவர் நனையாமல் வெளியே பையோடு இருக்க வேண்டும். கைப்பேசி, பணப்பை, கண்ணாடி, கடவுச்சீட்டு எல்லாம் அவரிடம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் நடக்க முடியாத கனம். பெண்களுக்கு அடர் நிறச் சுடிதார், ஆண்களுக்கு வேட்டி அல்லது லேசான கால்சட்டை. ஈரத் துணியோடு சன்னதிக்குப் போக விடமாட்டார்கள், மாற்றுத் துணி ஆளுக்கொரு தனிப் பையில் இருந்தால் உடை மாற்றும் அறையின் நெரிசலில் தேட வேண்டாம். தரையெல்லாம் ஈரமான கல், செருப்பில்லாத கால் வழுக்கும். மூட்டுவலிக்காரரைச் சுவர் ஓரமாக, பாதத்தை முழுதாக ஊன்றி, குட்டி அடியாக நடக்கச் சொல்லுங்கள். ஒரு படியில் சித்தி தடுமாறியபோது முன்பின் தெரியாத வடநாட்டுப் பாட்டி ஒருவர் சட்டென்று கையைப் பிடித்தார். பிறகு விடவே இல்லை, அடுத்த நாலு தீர்த்தத்துக்கும் இருவரும் கைகோத்தே போனார்கள். ஒருவர் பேசியது ஒருவருக்குப் புரியவில்லை.

ஒரு தீர்த்தத்துக்கும் அடுத்ததுக்கும் சில எட்டுதான் தூரம், ஆனால் தண்ணீரின் குளிர்ச்சியும் ருசியும் மாறும். பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்தது. எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெளிப் பிரகாரத்தின் 1212 தூணையும் பார்க்க உலர்ந்த துணியோடு வருவதுதான் வசதி. மதியம் 1 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

டிசம்பர் 30, செவ்வாய் – வீடு

காலையிலிருந்து தூறல். சித்தி ஏகாதசி விரதம். மற்றவர்களுக்கு ரசமும் கருவாட்டுத் தொக்கும். அவித்த பனங்கிழங்கு, கட்டு 60 ரூபாய். நாரை உரித்து, நடுவில் உள்ள குச்சியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். சும்மா கொடுத்தால் நார் பல்லில் சிக்கி, இரண்டாவது கடிக்கு வர மாட்டார்கள்.

உத்தரகோசமங்கை போக சித்தப்பாவுக்கு ஆசை. மரகத நடராஜருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு, மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு மட்டும்தான் களைவார்கள். ஜனவரி முதல் வாரக் கூட்டத்தில் குழந்தைகளோடு வேண்டாம் என்று முடிவாயிற்று. சந்தனக் காப்போடு பார்க்க அவர் மட்டும் மாலையில் போய் வந்தார்.

டிசம்பர் 31, புதன் – தனுஷ்கோடி, அரிச்சல்முனை

ராமேஸ்வரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். 2017இல் முனை வரை தார் ரோடு வந்த பிறகு எந்த வண்டியும் போகலாம். காலையில் வழி திறந்ததும் முதல் வரிசையில் இருக்க வேண்டும், எட்டரைக்கு மேல் சுற்றுலா வேன்கள் வந்து அடைத்துவிடும். மாலையில் சீக்கிரமே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரோட்டின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண்கடல், தெற்கை ஆண்கடல் என்பார்கள். வடக்கு எப்போதும் சாது என்று நினைத்துவிடக் கூடாது. வாடை அடிக்கிற மார்கழியில் வடக்குதான் கலங்கிக் கொந்தளிக்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி ஆடியில் இது தலைகீழ். இன்று இரண்டு பக்கமும் பார்த்தபோது அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. முனையில் எந்தப் பருவத்திலும் குளிக்கக் கூடாது. இரு கடலின் நீரோட்டமும் காலடி மணலை அரித்துக்கொண்டே இருக்கும், நின்ற இடம் திடீரென்று பள்ளமாகும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் விழுங்கிய ஊர் இது. தேவாலயமும் ரயில் நிலையமும் சுவர் சுவராக நிற்கின்றன. அந்தக் கற்களை உற்றுப் பார்த்தால் பூப்பூவாக வரி தெரியும், பவளப் பாறையை வெட்டிக் கட்டியவை. பிள்ளைகள் சுவரில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டாலே உதிர்கிறது. குடிசைக்காரர்கள் மணலில் நாலடி தோண்டி எடுக்கிற ஊற்றுத் தண்ணீர், இரு பக்கமும் கடல் இருந்தும் உப்புக் கரிக்காது. அங்கிருந்த ஓர் அக்கா, சித்தப்பாவின் பேத்திக்கு ஒரு குவளை மொண்டு கொடுத்தார். குடிக்க வைக்கவில்லை, நாக்கில் தொட்டுக் காட்டினோம். விருந்தாளி வயிற்றுக்கு அது போதும்.

நிழல் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு குடை போதும். பொரித்த மீன் வாங்குவதானால் விலையைப் பொரிக்கும் முன்பே கேளுங்கள். நடுத்தர மீன் ஒன்று 150 சொன்னார்கள், அதையே கொடுத்தோம், எண்ணெய் புதிது.

முனையில் கைப்பேசி இலங்கை சிக்னலைப் பிடிக்கும். கனடா சிம் வைத்திருப்பவர்கள் ராமேஸ்வரம் தாண்டும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். விமானப் பயன்முறையில் போட்டால் இன்னும் நிம்மதி, படம் எடுக்க அது தடையில்லை.

பக்கத்தில் ஒரு வாடகைக் கார் தார் ரோட்டை விட்டு ஒதுங்கி, மணலில் இரண்டு சக்கரமும் புதைந்து நின்றது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. மீனவர்கள் நாலு பேர் ஓடி வந்து முதலில் இஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் சரிவாகத் தோண்டி, டயர் காற்றைப் பாதியாக இறக்கி, அடியில் பழைய வலையும் பனையோலையும் திணித்து, இரண்டாம் கியரில் மெதுவாக எடுக்கச் சொல்லித் தள்ளினார்கள். பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது. டிரைவர் நீட்டிய பணத்தை வாங்கவில்லை, "டீ குடிச்சுட்டுப் போங்கண்ணே" என்று அவருக்கே டீ வாங்கிக் கொடுத்தார்கள். டயருக்குத் திரும்பக் காற்றடிக்க ராமேஸ்வரம்தான் வர வேண்டும், அதுவரை வேகம் முப்பதைத் தாண்டக் கூடாது.

சங்கு, பவளத் துண்டு, கடல் குதிரை எதையும் வாங்கவோ பொறுக்கவோ விடாதீர்கள். பவளமும் கடல் குதிரையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, செத்த பவளத் துண்டானாலும் பெட்டியில் கிடைத்தால் விமான நிலையத்தில் சிக்கல். பிள்ளைகளின் சட்டைப் பையைக் காரில் ஏறும் முன் பார்த்துவிடுவது நல்லது.

ஜனவரி 1, வியாழன் – பெட்டி கட்டுதல்

நெத்திலிக் கருவாடு வாங்கியதும் ஒரு நாள் மறுவெயிலில் காய வைக்க வேண்டும். இங்கே உலர்ந்ததாகத் தெரிவது பெட்டிக்குள் வியர்க்கும். ஆறிய பிறகு செய்தித்தாள், அதன் மேல் ஜிப் பை இரண்டு, கடைசியில் மூடி இறுகிய டப்பா. காற்றை அமுக்கி எடுத்தால் வாசம் வெளியே வராது. குண்டு மிளகாய் பழைய பருவத்துக் காய்ந்தது, காம்போடு வாங்கவும், காம்பு போனால் வண்டு சீக்கிரம் விழும். கருப்பட்டியை ஒரு பிடி அரிசியோடு போட்டுவைத்தால் ஈரம் கசியாது.

தொதலும் ஊறுகாயும் பாதுகாப்புச் சோதனையில் பசை என்று நிறுத்தப்படும், அவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியிலேயே வையுங்கள். கனடாவில் இறங்கியதும் உணவுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். எந்தப் பெட்டியில் என்ன என்று ஒரு தாளில் எழுதி சித்தப்பாவின் கடவுச்சீட்டோடு வைத்தாயிற்று. பெட்டிக்கு 23 கிலோ கணக்கு, கைத்தராசில் 22க்கு நிறுத்தி மூடினோம்.